இரவல் எதிர்ப்பாற்றலுடன் வாழ்வது எப்படி

நோய் எதிர்ப்புக் குறைபாடு என்று ஃபைலின் மேலட்டையில் எழுதப்பட்ட நாளில் நோயாளி முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது, அந்தச் சொற்களைப் பிறரிடம் எப்படிச் சொல்வது என்பதைத்தான். அத்தொடரைக் கேட்கும் பெரும்பாலோருக்கு எய்ட்ஸ் நினைவுக்கு வருகிறது. ஊசி போட வரும் செவிலியர் கூடச் சில வேளைகளில் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்பதை நான் பார்த்திருக்கிறேன். எச்.ஐ.வி. என்பது வெளியிலிருந்து வந்த கிருமி எதிர்ப்பு மண்டலத்தை அழிப்பது. இங்கே பேசப்படுவதோ மரபணுக் கோளாற்றால் எதிர்ப்பு மண்டலத்தின் ஓர் உறுப்பு தொடக்கத்திலிருந்தே சரியாக அமையாமல் போவது. அது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. இப்படிப்பட்ட கோளாறுகள் 450-க்கும் மேற்பட்டவை இன்று அடையாளம் காணப்பட்டுள்ளன. உறவினரிடமும் அலுவலகத்திலும் விளக்க நேரும்போது, "சர்க்கரை நோயாளிக்கு இன்சுலின் சுரக்காதது போல என் உடம்பில் இம்யூனோகுளோபுலின் என்ற புரதம் சுரப்பதில்லை, அதை மாதந்தோறும் ஏற்றிக்கொள்கிறேன்" என்று சொன்னால் போதும். இன்சுலினை அறியாத வீடு தமிழ்நாட்டில் இல்லை என்பதால் இந்த ஒப்புமை உடனே புரிந்துவிடுகிறது.

இந்தக் கட்டுரை அவ்வகைக் கோளாறுகளுள் இம்யூனோகுளோபுலின் என்ற இந்த எதிர்ப்புப் புரதம் குறைவாக உள்ளவர்களுக்கானது. அவர்களில் இரு பிரிவினர் முக்கியமானவர்கள். ஆண் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் பிறந்த ஆறு மாதத்துக்குப் பின், தாயிடமிருந்து வந்த புரதம் தீர்ந்ததும் வெளிப்படும் புரூட்டன் நோய் ஒன்று. 1952-இல் அமெரிக்க இராணுவக் குழந்தை மருத்துவரான ஆக்டன் புரூட்டன் எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடம் இதைக் கண்டறிந்து, பிறர் இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த, இம்யூனோகுளோபுலின் அடங்கிய காமா குளோபுலினைத் தோலுக்கடியில் செலுத்தி அவனுக்கு அடிக்கடி வந்த தொற்றுகளைத் தடுத்தார். மற்றொன்று காமன் வேரியபிள் இம்யூனோடெஃபிஷியன்சி, சுருக்கமாக சி.வி.ஐ.டி. எனப்படுவது, இது பலருக்கு இருபது முதல் நாற்பது வயதுக்குள்தான் பெயர் பெறுகிறது. அதுவரை "சளித் தொல்லை", "சைனஸ்", "அலர்ஜி உடம்பு" என்ற பெயர்களில் அது உலவிக்கொண்டிருக்கும். ஓர் ஆண்டில் இரண்டு முறை நிமோனியா வந்தவர்களும், இரண்டு மாதம் ஆன்டிபயாடிக் உட்கொண்டும் தேறாதவர்களும் இரத்தத்தில் இம்யூனோகுளோபுலின் வகைகளான ஐ.ஜி.ஜி., ஐ.ஜி.ஏ., ஐ.ஜி.எம். ஆகிய மூன்றின் அளவையும் பார்க்கும்படி மருத்துவரைக் கேட்பது நல்லது; இது எளிய இரத்தப் பரிசோதனைதான்.

ஏற்றும் நாளும் அதைச் சுற்றிய கணக்கும்

சிகிச்சையின் அடிப்படை, ஆயிரக்கணக்கான கொடையாளர்களின் பிளாஸ்மாவை, அதாவது இரத்தத்தின் திரவப் பகுதியை, சேர்த்து அதிலிருந்து பிரித்தெடுத்த இம்யூனோகுளோபுலினை மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒரு முறை இரத்தநாளம் வழியாக ஏற்றிக்கொள்வது. வழக்கமான தொடக்க அளவு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 400 முதல் 600 மில்லிகிராம். அதாவது 50 கிலோ எடையுள்ள ஒருவருக்குக் குறைந்த அளவே 20 கிராம், ஐந்து கிராம் குப்பிகளில் நான்கு. இந்தக் கணக்கை நோயாளியே போடத் தெரிந்திருக்க வேண்டும். ஏனெனில் எடை கூடியபின் அளவை மாற்ற மறந்துபோவதும், ஒரு குப்பி கையிருப்பில் இல்லாததால் மூன்றோடு நிறுத்திக்கொள்வதும் நடக்கின்றன. வளரும் குழந்தைக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது எடை பார்த்துக் கணக்கைத் திருத்த வேண்டும்.

ஏற்றப்பட்ட புரதம் ஏறத்தாழ மூன்று வாரத்தில் பாதியாகக் குறைந்துவிடுகிறது. ஆகவே தேதி தள்ளிப்போவது என்பது சாதாரண விஷயமல்ல. பொங்கல், திருமணம், பரீட்சை என்று ஒரு வாரம் தள்ளிவைத்தால் அந்த வாரம் முழுவதும் வேலி திறந்து கிடக்கிறது. தேதி பண்டிகையோடு மோதினால் இரண்டு நாள் முன்னதாக ஏற்றிக்கொள்ள முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள், பின்னால் தள்ளாதீர்கள். அடுத்த முறை ஏற்றுவதற்குச் சற்று முன் எடுக்கப்படும் இரத்தத்தில் காணும் ஐ.ஜி.ஜி. அளவுதான் சிகிச்சை போதுமா என்பதைக் காட்டும். ஏற்றிய மறுநாள் எடுத்த அளவு அழகாக இருக்கும், ஆனால் எதையும் சொல்லாது. ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஐ.ஜி.ஜி. அளவு ஒரு டெசிலிட்டருக்குச் சுமார் 700 முதல் 1,600 மில்லிகிராம் வரை இருக்கும். ஏற்றுவதற்கு முந்தைய அளவு 500-க்குக் கீழே இறங்கக் கூடாது என்பது பழைய வரம்பு. நுரையீரல் ஏற்கெனவே பழுதானவர்களுக்கு 700-ஐத் தாண்டி வைக்க மருத்துவர்கள் முயல்கிறார்கள். எண்ணைவிட முக்கியமானது, அந்த எண்ணில் நீங்கள் எத்தனை முறை நோயுற்றீர்கள் என்பது. நான்காவது வாரத்தில் மட்டும் அசதியும் மூட்டு வலியும் மூக்கடைப்பும் வருமானால் அதை நாட்குறிப்பில் எழுதிக் காட்டுங்கள், இடைவெளியை மூன்று வாரமாகக் குறைப்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடையாது.

ஏற்றும் நாளுக்கு முந்தைய மாலையிலிருந்தே தண்ணீரும் மோரும் கஞ்சியும் தாராளமாகக் குடிப்பது தலைவலியைக் குறைக்கிறது. ஊசிக்கு நரம்பு கிடைப்பதும் எளிதாகிறது. குப்பிகள் ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். உறையவும் கூடாது, குலுக்கவும் கூடாது. மருந்துக்கடையிலிருந்து நீங்களே வாங்கிச் செல்வதானால் தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் கட்டிப் பையோடு எடுத்துச் செல்லுங்கள், ஆனால் குப்பி பையை நேரடியாகத் தொடாமல் இடையில் துணியைச் சுற்றுங்கள். ஏற்றுவதற்கு முன் அறை வெப்பத்துக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். குளிர்ந்த மருந்து உடம்பில் ஏறும்போது நடுக்கம் வருவதைக் கண்டு காய்ச்சல் என்று பயந்தவர்கள் உண்டு.

முதல் அரைமணி நேரம் சொட்டு மிக மெதுவாக விழ வேண்டும், பிறகுதான் படிப்படியாக வேகத்தைக் கூட்டலாம். படுக்கை காலியாக வேண்டும் என்பதற்காக வேகத்தைத் திருகிவிடும் அவசரத்தை, பணிவாக ஆனால் உறுதியாக மறுக்க நோயாளிக்கு உரிமை உண்டு. 20 கிராம் ஏறுவதற்கு நான்கைந்து மணி நேரம் ஆகும் என்று மனத்தைத் தயார்செய்துகொண்டே போக வேண்டும். முதுகுவலி, நெஞ்சு இறுக்கம், முகச் சிவப்பு, படபடப்பு எது தோன்றினாலும் பொறுத்துக்கொள்ளாமல் உடனே சொல்லுங்கள். பெரும்பாலும் சொட்டை நிறுத்தி மெதுவாகத் தொடங்கினால் சரியாகிவிடும். மூச்சுத்திணறலோ உதடு வீக்கமோ வந்தால் அது அவசரநிலை. அடுத்த ஓரிரு நாளில் வரும் தலைவலிக்குப் பாராசிட்டமால் போதும். கழுத்து விறைப்பும் வாந்தியும் வெளிச்சத்தைப் பார்க்க முடியாத கூச்சமும் சேர்ந்து வந்தாலோ, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ வீட்டில் இருக்கக் கூடாது. சர்க்கரை நோயும் உள்ளவர்கள் ஒரு கேள்வியைக் கூடுதலாகக் கேட்க வேண்டும்: மருந்தில் மால்டோஸ் என்ற சர்க்கரை கலந்திருந்தால் சில வகைக் குளுக்கோமீட்டர்கள் இரத்தச் சர்க்கரையைப் பொய்யாகக் கூட்டிக் காட்டும், அதை நம்பி இன்சுலின் போட்டுக்கொண்டால் ஆபத்து.

ஒவ்வொரு முறையும் தேதி, எடை, நிறுவனத்தின் பெயர், குப்பியின் பேட்ச் எண், ஏற்றிய நேரம், வந்த தொல்லை ஆகியவற்றை ஒரே நோட்டில் எழுதிவையுங்கள். குப்பியின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டை உரித்து நோட்டில் ஒட்டிவிடுவது எளிது. உடம்புக்கு ஒத்துப்போன மருந்தை வெறும் விலை வேறுபாட்டுக்காக மாதாமாதம் மாற்றாதீர்கள், மாற்ற நேர்ந்தால் அன்றைக்கு முதல் முறை போலவே மெதுவாகத் தொடங்கச் சொல்லுங்கள். தோலுக்கடியில் வாரம் ஒரு முறை தாமே செலுத்திக்கொள்ளும் முறையும் உண்டு. நரம்பு கிடைக்காதவர்களுக்கும், ஏற்றியபின் கடும் தலைவலி வருபவர்களுக்கும் அது வரப்பிரசாதம். ஆனால் எல்லா ஊரிலும் எளிதாகக் கிடைப்பதில்லை.

காய்ச்சல் வந்தால்

எதிர்ப்புப் புரதம் குறைந்தவருக்கு "வெறும் காய்ச்சல்" என்று ஒன்று இல்லை. வெப்பமானி 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட் காட்டினால், அல்லது சளி பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறினால், அன்றைக்கே மருத்துவரைத் தொடர்புகொள்ள வேண்டும். மூன்று நாள் பார்ப்போம் என்பது மற்றவர்களுக்கான விதி. அதே வேளையில், பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் ஐந்து மாத்திரை வாங்கி விழுங்குவதும், இரண்டாம் நாள் தேறியதும் நிறுத்துவதும் பின்னாளில் எந்த மருந்துக்கும் மசியாத கிருமியை நுரையீரலில் குடிவைக்கும். ஆன்டிபயாடிக்கின் முதல் மாத்திரைக்கு முன் சளியைக் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்து அடையாளம் காணும் சோதனைக்கு, கொடுத்துவிடுங்கள். எங்களைப் போன்றவர்களுக்குப் பெரும்பாலும் வழக்கத்தைவிட நீண்ட நாள்களுக்கு மருந்து எழுதப்படும், அதில் ஒரு வேளையையும் விடக் கூடாது.

நம் ஊர் ஆய்வகங்களில் பெரும்பாலோர் கவனிக்காத சிக்கல் ஒன்று இருக்கிறது. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். டைஃபாய்டுக்கான வைடால், டெங்குவுக்கான ஐ.ஜி.எம். போன்ற பரிசோதனைகள் கிருமியைத் தேடுவதில்லை, கிருமிக்கு எதிராக நோயாளியின் உடல் செய்த புரதத்தைத்தான் தேடுகின்றன. அந்தப் புரதத்தையே செய்யத் தெரியாத உடலில், நோய் முற்றியிருந்தாலும் விடை "நெகட்டிவ்" என்றே வரலாம். டெங்கு என்று ஐயம் வந்தால் முதல் சில நாள்களுக்குள், கிருமியின் சொந்தப் புரதத்தையே தேடும் என்.எஸ்.1 பரிசோதனையையும், டைஃபாய்டு என்றால் இரத்தக் கல்ச்சரையும், காசநோய் என்றால் சளியில் கிருமியை நேரடியாகத் தேடும் பரிசோதனையையும் கேட்க வேண்டும். இதன் மறுபக்கம் இன்னும் விசித்திரமானது. ஏற்றிக்கொண்ட மருந்தில் ஆயிரம் பேருடைய எதிர்ப்புப் புரதங்கள் இருப்பதால், நமக்கு ஒருபோதும் வராத நோய்களின் தடயம் நம் இரத்தத்தில் "பாசிட்டிவ்" என்று தெரியும். ஹெபடைட்டிஸ் பி-க்கான ஓர் எதிர்ப்புப் புரதச் சோதனை இப்படிப் பொய்யாகப் பாசிட்டிவ் காட்டிவிட்டால் குடும்பமே கலங்கிப்போகும். எனவே முதல் முறை ஏற்றுவதற்கு முன்பே எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, சி ஆகியவற்றுக்கான பரிசோதனைகளைச் செய்து அந்தத் தாளைப் பத்திரப்படுத்துங்கள்; பின்னர் ஐயம் வந்தால் கிருமியின் மரபுப் பொருளையே தேடும் பரிசோதனைதான் நம்பத்தக்கது.

இவை அனைத்தையும் நள்ளிரவில் அவசரப் பிரிவில் நின்று விளக்க முடியாது. நோயின் பெயர், கடைசியாக ஏற்றிய தேதி, ஒவ்வாத மருந்துகள், "எதிர்ப்புப் புரதச் சோதனைகளை நம்ப வேண்டாம்" என்ற வரி, சிகிச்சையளிக்கும் மருத்துவரின் கையெழுத்து ஆகியவற்றுடன் ஒரு பக்கக் கடிதம் வாங்கி, பர்ஸில் ஒன்றும் கைப்பேசியில் படமாக ஒன்றும் வைத்திருங்கள்.

நுரையீரலைக் காப்பது

இந்நோயில் ஆயுளைக் குறைப்பது பெரும்பாலும் ஒரே ஒரு பெரிய தொற்று அல்ல, கவனிக்கப்படாத பத்துச் சிறிய தொற்றுகள். ஒவ்வொரு நிமோனியாவும் மூச்சுக்குழாயைச் சற்று விரித்துவிட்டுப் போகிறது, விரிந்த குழாயில் சளி தேங்குகிறது, தேங்கிய சளியில் அடுத்த கிருமி வளர்கிறது. பிராங்கியெக்டாசிஸ் எனப்படும் இந்த நிலையை மருந்து பின்னோக்கித் திருப்பாது, தடுத்து நிறுத்த மட்டுமே முடியும். சளி உள்ளவர்கள் பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் சளி வெளியேற்றும் மூச்சுப் பயிற்சியை முறையாகக் கற்று, பல் துலக்குவதைப் போல நாள்தோறும் காலையில் செய்ய வேண்டும்: ஆழ்ந்து இழுத்து நிறுத்தும் மூச்சுகள் சில, பிறகு கண்ணாடியில் ஆவி படியச் செய்வது போல வாயைத் திறந்து "ஹா" என்று வேகமாக வெளிவிடுதல், பிறகு ஓய்வு. இருபது நிமிடம் போதும். ஓராண்டுக்கு ஒரு முறை மூச்சுத்திறன் சோதனையும், மருத்துவர் சொல்லும் இடைவெளியில் சி.டி. ஸ்கேனும் எடுத்து முந்தையதோடு ஒப்பிட வேண்டும். புகைபிடிப்பது கூடவே கூடாது. வீட்டில் மற்றவர் புகைப்பதும் விறகடுப்புப் புகையும் அதற்குச் சமம்தான்.

நுரையீரலுக்கு வெளியேயும் கவனம் தேவை. சி.வி.ஐ.டி. உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு எதிர்ப்பு மண்டலம் தன் உடலின் தட்டணுக்களையோ சிவப்பணுக்களையோ தாக்குவதுண்டு. நிணநீர்க் கணுப் புற்றுநோய்க்கான வாய்ப்பும் சற்றுக் கூடுதல். காரணமில்லாத இரத்தக் கட்டுகள், திடீர் வெளிறல், குறையாத கட்டி, எடைக் குறைவு, ஓயாத வயிற்றுப்போக்கு ஆகியவற்றை அடுத்த மாதச் சந்திப்பு வரை வைத்திருக்க வேண்டாம்.

தடுப்பூசி, தண்ணீர், கஷாயம்

உயிருள்ள கிருமியைத் தளர்த்திச் செய்த தடுப்பு மருந்துகளான வாய்வழிப் போலியோ சொட்டு, காசநோய்க்கான பி.சி.ஜி., அம்மைத் தடுப்பூசி, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி ஆகியவற்றை மருத்துவரின் ஒப்புதல் இல்லாமல் போட்டுக்கொள்ளக் கூடாது. போலியோ சொட்டில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். எதிர்ப்புப் புரதம் இல்லாத குழந்தையின் குடலில் அக்கிருமி மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் தங்கி, மீண்டும் வீரியம் பெறக்கூடும். சொட்டு மருந்து முகாம் நாளில் வீட்டுக்கு வரும் பணியாளரிடம் காரணத்தைச் சொல்லிக் கடிதத்தைக் காட்டுங்கள். உடன்பிறந்த குழந்தைகளுக்கும் சொட்டுக்குப் பதிலாக ஊசி வழிப் போலியோ தடுப்பு மருந்தே பொருத்தமானது. சொட்டு பெற்ற பக்கத்து வீட்டுக் குழந்தையின் மலத்துணியை நோயாளி கையாள வேண்டாம். குடும்பத்தினர் அனைவரும் ஆண்டுதோறும் இன்ஃபுளுவென்சா தடுப்பூசி போட்டுக்கொள்வது நோயாளியைச் சுற்றி ஒரு மதில் எழுப்புவதற்குச் சமம்.

தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடியுங்கள். கேன் தண்ணீர் என்ற பெயரை மட்டும் நம்ப முடியாது. இந்நோயாளிகளை ஜியார்டியா என்ற ஒட்டுண்ணி எளிதில் பிடித்துக்கொண்டு மாதக்கணக்கில் வயிற்றுப்போக்கைத் தரும். காய்ச்சிய பால், ஆவியில் வெந்த இட்டிலி, சூடான இரசம் என்று நம் சமையலில் பெரும்பாலானவை இயல்பாகவே பாதுகாப்பானவை. தவிர்க்க வேண்டியவை வெட்டிவைத்த பழங்கள், பானிபூரித் தண்ணீர், வேகாத முட்டை, சாலையோரச் சட்டினி. பழைய சோற்றைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். அதன் பெருமையை நான் மறுக்கவில்லை, ஆனால் இரவெல்லாம் வெளியில் ஊறிய சோற்றை நான் சாப்பிடுவதில்லை.

எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் என்று விற்கப்படும் பொடிகளையும் லேகியங்களையும் அன்போடு கொண்டுவந்து தரும் உறவினர்களைச் சமாளிப்பது தனிக் கலை. உடம்பில் புரதம் செய்யும் பட்டறையே இல்லாதபோது அதற்கு எந்தக் கஷாயமும் எரிபொருள் ஆகாது. சில மூலிகைகள் ஈரலையும் சிறுநீரகத்தையும் பாதிப்பதால், நன்றி சொல்லி வாங்கி வைத்துக்கொண்டு மருத்துவரிடம் காட்டாமல் உட்கொள்ளாதிருப்பதே வழி. மருந்து நன்றாக வேலை செய்து ஆறு மாதம் காய்ச்சலே வராதபோது "இனி எதற்கு ஏற்ற வேண்டும்?" என்ற கேள்வி வீட்டிலிருந்தே எழும். காய்ச்சல் வராததே மருந்தினால்தான்.

பணம்

இம்யூனோகுளோபுலின் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளது. ஆனாலும் விலை ஒரு நடுத்தரக் குடும்பத்தின் மாதச் சம்பளத்தை விழுங்கக்கூடியது. விலையை ஒப்பிடும்போது குப்பிக்கு எவ்வளவு என்று கேட்காமல் ஒரு கிராமுக்கு எவ்வளவு என்று கேளுங்கள், அட்டையிலுள்ள அச்சு விலைக்கும் மொத்த விற்பனையாளர் தரும் விலைக்கும் இடையே பெரிய வேறுபாடு இருக்கலாம். இந்திய அரசின் 2021-ஆம் ஆண்டு அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையின் இரண்டாம் பிரிவில், இம்யூனோகுளோபுலின் தேவைப்படும் பிறவி எதிர்ப்புக் குறைபாடுகள் இடம்பெற்றுள்ளன. அறிவிக்கப்பட்ட உயர்சிறப்பு மையம் ஒன்றில் பதிவு செய்துகொண்டவர்களுக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி கிடைக்க அதில் வழியுண்டு. இத்துறையில் நீண்ட அனுபவமுள்ள சண்டிகர் முதுநிலை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனமும் அம்மையங்களுள் ஒன்று. பதிவுக்கு முழுமையான ஆவணங்கள் கேட்கப்படும் என்பதால், மேலே சொன்ன நோட்டையும் முதல் பரிசோதனைத் தாள்களையும் ஒரு நகல் எடுத்து வேறிடத்தில் வையுங்கள். மாநிலக் காப்பீட்டுத் திட்டத்தில் என்ன கிடைக்கும் என்பதை அரசு மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில், மருத்துவரின் பரிந்துரைக் கடிதத்தோடு நேரில் சென்று கேளுங்கள். வாய்மொழியாக இல்லை என்று சொல்லப்பட்டால் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

குடும்பத்தில் அடுத்த குழந்தை

புரூட்டன் நோயில் தாய் அந்த மரபணுவைத் தாங்கியிருந்தால் பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் பாதி வாய்ப்பில் நோய் வரலாம். மகளுக்கு நோய் வராது, ஆனால் அவளும் அதைத் தாங்கக்கூடும். நெருங்கிய உறவில் மணம் முடித்த குடும்பங்களில் வேறு சில எதிர்ப்புக் குறைபாடுகள் ஆண், பெண் இருவரிடமும் தோன்றுகின்றன. இது தாயின் மேல் பழி சுமத்துவதற்கான செய்தி அல்ல. மரபணு ஆலோசனைக்கு அத்தை, சித்தி, தங்கை ஆகியோரையும் அழைத்துச் செல்வதற்கான காரணம்தான். சி.வி.ஐ.டி. உள்ள பெண் கருவுற்றால் ஏற்றுவதை நிறுத்தக் கூடாது. எடை கூடும்போது அளவும் கூட்டப்பட வேண்டும். கடைசி மாதங்களில் அந்தப் புரதமே நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் செல்கிறது.

நோயுள்ள குடும்பத்தில் பிள்ளைப்பேறு நெருங்கும்போது, பிறந்தவுடன் வழக்கமாகக் கொடுக்கப்படும் பி.சி.ஜி. ஊசியையும் போலியோ சொட்டையும் பரிசோதனை முடியும்வரை நிறுத்திவைக்கும்படி குழந்தை மருத்துவரிடம் எழுதி வாங்க வேண்டும். அப்பரிசோதனையில் ஐ.ஜி.ஜி. அளவை மட்டும் பார்த்தால் தாயிடமிருந்து வந்த புரதம் ஏமாற்றிவிடும் என்பதால், எதிர்ப்பு மண்டலத்தின் வெள்ளையணு வகைகளான பி அணுக்களையும் டி அணுக்களையும் எண்ணும் ஃப்ளோ சைட்டோமெட்ரி சோதனையைக் கேட்க வேண்டும். பல மருத்துவமனைகளில் பிறந்த முதல் நாளிலேயே ஊசி போட்டுவிடுவார்கள். ஆகவே அந்தச் சீட்டு எட்டாம் மாதத்திலேயே பிரசவ ஃபைலின் முதல் பக்கத்தில் குத்தப்பட்டிருக்க வேண்டும்.